கான்கிரீட் காய்வதற்கு முன்: நடக்கும் வேலையைத் தணிக்கை செய்த கதை

அனந்தபுரம் என்ற பெயரைச் சொன்னால் இரண்டு ஊர்கள் என் நினைவுக்கு வரும். ஒன்று, செஞ்சி பக்கத்தில் இருக்கும் எங்கள் பேரூராட்சி. இன்னொன்று, ஆந்திர மாநிலத்தில் இருக்கும் அனந்தபுரம் மாவட்டம் (அனந்தபூர் என்றும் எழுதுவார்கள்). அந்த மாவட்டத்தின் பண்ட்லபள்ளி கிராமத்தில்தான் 2006 பிப்ரவரி 2 அன்று தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தை, அதாவது நம் மக்கள் 'நூறு நாள் வேலை' என்று சொல்லும் திட்டத்தை, பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் இந்தியா முழுவதும் 200 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் ஆறு: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. ஆக, இரண்டு அனந்தபுரமும் ஒரே நாளில் அந்தச் சட்டத்துக்குள் வந்த மாவட்டங்களில் இருந்தன!

எங்கள் ஊர் பேரூராட்சி என்பதால் எங்களுக்கு அந்த வேலை கிடையாது. அது கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் சொந்தக்காரர்கள் உண்டு. என் பெரியம்மா பல வருடம் 'ஏரி வேலை'க்குப் போனவர். கூலிக் கணக்கில் ஒரு நாள் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இந்தச் சின்ன விஷயம் கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியமாக வரப்போகிறது. கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். மாணவன். தணிக்கை எங்களுக்கு ஒரு பாடம். வருடம் முடிந்து, கணக்கை மூடிய பிறகு செய்வது இறுதித் தணிக்கை. வேலை நடக்கும்போதே கூடவே செய்வது உடன்நிகழ் தணிக்கை. வங்கிகளில் இதைக் 'கன்கரண்ட் ஆடிட்' என்பார்கள். முதல் வகையைப் பிரேதப் பரிசோதனை என்று கேலி செய்வதும் உண்டு. நோயாளி இறந்தபின் காரணம் கண்டுபிடித்து என்ன பயன் என்பது அதன் பொருள்.

ஒரு கடைக்கு இந்தக் கேலி முழுவதும் பொருந்தாது. மார்ச் 31 அன்று இருப்பை எண்ணத் தவறினால் ஏப்ரல் 5 அன்று எண்ணி, இடையில் நடந்த வரவு செலவைக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். கட்டட வேலை அப்படி இல்லை. அஸ்திவாரத்தின் ஆழம், பில்லருக்குள் எத்தனை கம்பி, சாலைக்கு அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி, கலவையில் எவ்வளவு சிமென்ட் என்பதெல்லாம் சில மணி நேரமே கண்ணுக்குத் தெரியும். பிறகு கான்கிரீட் மூடிவிடும். அதன்பின் நம்மிடம் இருப்பது காகிதம் மட்டும்தான். அதனால்தான் பொதுக் கட்டுமானத்தில் 'எப்போது தணிக்கை' என்ற கேள்வி 'யார் தணிக்கை' என்ற கேள்வி அளவுக்குப் பழையது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏதென்ஸின் சலவைக்கல் கணக்கு

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தில் பார்த்தினன் கோயிலைக் கி.மு. 447இல் கட்டத் தொடங்கி, சிற்ப வேலைகள் உட்படக் கி.மு. 432 வாக்கில் முடித்தார்கள். அந்த வேலையை மேற்பார்வையிட வருடாவருடம் ஒரு குழு இருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தக் குழு தன் கணக்கைச் சலவைக்கல்லில் வெட்டி, கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே குன்றின்மேல் நிறுத்தியது. போன குழுவிடமிருந்து வந்த மீதி, கோயில் கருவூலத்திலிருந்து வந்த பணம், கல் வெட்டவும் கொண்டுவரவும் ஆன செலவு, சிற்பிகளுக்குக் கொடுத்த கூலி, மிஞ்சிய தங்கத்தையும் தந்தத்தையும் விற்ற வரவு என்று போகிறது கணக்கு. அந்தக் கற்களின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கல் அல்ல, காலம். கோயில் முடிந்த பிறகு ஒரே தடவையாக 15 வருடக் கணக்கு கொடுக்கவில்லை. வேலை பாதியில் நிற்கும்போதே அதுவரை ஆன செலவு வெளியே வந்தது. இரண்டாம் வருடக் குழு முதல் வருடக் குழுவின் மீதியைக் காட்டியாக வேண்டும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்குவதால், இடையில் பணம் மறைவது கஷ்டம்.

உத்திரமேரூரின் ஏரி வாரியம்

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊர்ப்பக்கமே வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

ஏரி வாரியம் என்பது இன்றைய மொழியில் பொதுப்பணித்துறைதான். கரை, மதகு, தூர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்தல் முறையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், அந்தக் கல்வெட்டில் இருக்கும் ஒரு கணக்கு விதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் இடக்கூடாது! கணக்குக் காட்டாததற்கான தண்டனை குடும்பத்தையே தொட்டது. ஏரி வேலை எப்போதும் முடியாத வேலை. வருடாவருடம் தூர் எடுக்க வேண்டும், கரை போட வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறி, கணக்கும் கைமாறுவது நடக்கிற வேலையின் நடுவே தணிக்கை வைத்தது போலத்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். குடத்தில் பெயர் இட, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் அந்த முறையில் இல்லை. கணக்கு இருந்தது, காலமும் சரியாக இருந்தது, கேட்கும் காதுகள் மட்டும் குறைவாக இருந்தன.

மராமத்தும் எம்.புக்கும்

'மராமத்து' என்ற சொல்லை இன்றும் கிராமத்தில் கேட்கலாம். கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் சாலை, பாசன வேலைகளைப் பார்த்த துறைக்கே அந்தப் பெயர் இருந்தது. பொதுப்பணிகளின் நிலையை ஆராய அமைத்த ஒரு கமிஷன் 1852இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1858இல் சென்னையில் பொதுப்பணித்துறை உருவானது.

அந்தத் துறை நமக்கு விட்டுச்சென்ற ஒரு பொருள் அளவுப் புத்தகம். கான்ட்ராக்டர்கள் முதல் கொத்தனார் வரை எல்லோரும் 'எம்.புக்' என்பார்கள். கணக்கியல் மாணவனான எனக்கு இந்தப் புத்தகத்தின் விதிகள் மிகவும் பிடிக்கும். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும், ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்திலேயே அளந்து எழுத வேண்டும். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். ஒரு பொறியாளர் அளந்ததை மேலதிகாரி இன்னொரு தடவை அளந்து பார்க்க வேண்டும். மூடப்போகும் பகுதியை மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் 'பார்ட் பில்' போட்டுப் பணம் கொடுப்பார்கள்.

எங்கள் ஒப்பந்த அடக்கவிலைக் கணக்கில் வரும் 'சான்றளிக்கப்பட்ட வேலை', 'சான்றளிக்கப்படாத வேலை', 'நிறுத்தி வைக்கப்பட்ட தொகை' எல்லாம் இந்த நடைமுறையோடு சேர்ந்தவைதான். பொறியாளர் சான்று கொடுத்த அளவுக்குத்தான் பணம். அதிலும் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பார்கள், குறை வந்தால் பிடித்துக்கொள்ள.

காகிதத்தில் பார்த்தால் இதுவே ஒரு நல்ல உடன்நிகழ் தணிக்கை. குறை எங்கே? அளப்பவர், மறுபடி அளப்பவர், பில்லை அனுமதிப்பவர் எல்லோரும் ஒரே துறை. அந்தப் புத்தகம் அலுவலக அலமாரியைத் தாண்டி வெளியே வராது. அளக்காமலே எழுதினால் கண்டுபிடிக்க வேண்டியவரும் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான்.

ராஜஸ்தானில் ஒரு டிசம்பர் நாள்

அலமாரியைத் திறந்தவர்கள் ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரர்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் உள்ளூர் மக்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதுதான் ஆரம்பப் பிரச்சினை. கேட்டால், 'நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்று பதில். காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம்!

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. வருகைப் பட்டியல்களையும் பில்களையும் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார்கள். பட்டியலில் இருக்கும் ஆள் எழுந்து, நான் அங்கே வேலையே செய்யவில்லை என்று சொன்னால் போதும், கணக்கு உடைந்துவிடும். படித்த ஆடிட்டர் தேவையில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் சாரம்.

இதற்கிடையே தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்களில் நாம்தான் முதல்! 1998இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டமும் வந்தது. 2005இல் மத்திய தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைகளைக் கிராம சபை தொடர்ந்து சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 2011இல் வந்த விதிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை என்று வரையறுத்தன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆனாலும் அந்த இருபது வருட அனுபவம் நமக்கு ஒரு பெரிய பாடம்.

கூலிக்குச் சொந்தக்காரர் உண்டு, சிமென்டுக்கு?

இப்போது ஆந்திர அனந்தபுரத்துக்குப் போவோம். ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் சமூகத் தணிக்கையை மற்ற மாநிலங்களை விடப் பெரிதாகச் செய்தது. 2009இல் அதற்கென்று ஒரு தனிச் சங்கத்தையே அமைத்தது. தணிக்கைக் குழுவினர் கிராமத்தில் வந்து தங்கி, வீடு வீடாகப் போய் வருகைப் பட்டியலைச் சரிபார்த்து, வேலை நடந்த இடத்தை அளந்து, கடைசியில் மண்டல அளவில் பொது விசாரணை நடத்தினார்கள்.

பலன் என்ன? பர்சானா அப்ரிடி, வேகார்ட் ஐவர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தத் தணிக்கை அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். கூலி தொடர்பான முறைகேடு ஒவ்வொன்றிலும் போன தொகை ஓரளவு குறைந்தது. ஆனால் பொருள் தொடர்பான, கண்டுபிடிக்கக் கடினமான முறைகேடுகள் கூடிவிட்டன! ஒரு ஓட்டையை அடைத்தால் தண்ணீர் இன்னொரு ஓட்டை வழியே போகிற மாதிரி.

இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் செய்த ஆய்வும் (2007இல் வெளியானது) இதையே சொல்கிறது. ஜாவா தீவில் 608 கிராமங்களில் சாலை போடும் திட்டம். அவற்றில் சில கிராமங்களுக்கு மட்டும், வேலை தொடங்குவதற்கு முன்பே, உங்கள் வேலையை அரசுத் தணிக்கையாளர் நிச்சயம் தணிக்கை செய்வார், முடிவை ஊர்க் கூட்டத்தில் வாசிப்போம் என்று அறிவித்தார்கள். சாதாரணமாக அங்கே தணிக்கைக்கு வாய்ப்பு சுமார் 4 சதவீதம்தான். பிறகு பொறியாளர்கள் சாலையைத் துளைத்து மாதிரி எடுத்து, உண்மையில் எவ்வளவு பொருள் போட்டிருக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். தணிக்கை நிச்சயம் என்று தெரிந்த கிராமங்களில் காணாமல் போன செலவு சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வேறு சில கிராமங்களில் தணிக்கைக்குப் பதில் பொதுமக்களைக் கூட்டத்துக்கு அதிகமாக அழைத்தார்கள். அங்கே கூலித் திருட்டு குறைந்தது, பொருள் திருட்டு குறையவில்லை.

ஏன் இப்படி? இங்கேதான் பெரியம்மாவின் கதை வருகிறது. கூலிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒரு நாள் கூலி குறைந்தால் அவர் வாய் திறப்பார். ஆனால் சாலையில் இரண்டு அங்குலம் ஜல்லி குறைந்தால் அது யாருடைய ஜல்லி? எல்லோருடையதும் என்றால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுகிறது. மேலும் அது மூடிய பிறகு கண்ணுக்கும் தெரியாது, அளக்கத் தொழில் அறிவும் வேண்டும்.

ஆக, மக்கள் கண் வேண்டும், அளக்கும் கருவியும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதிதான். போட்டோ எடுத்தால் போதுமே என்று சிலர் சொல்லலாம். ஊரக வேலைத் திட்டத்தில் வேலை நடக்கும் இடத்திலிருந்து தினமும் இரண்டு வேளை படம் அனுப்பும் செயலியை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே, சம்பந்தமில்லாத படங்களும் படத்தைப் படம் எடுத்த படங்களும் பதிவாகின்றன என்று மாநிலங்களுக்கு எழுத வேண்டி வந்தது. படம் சாட்சி ஆவது அதை ஒருவர் பார்க்கும்போதுதான்.

எதிர்க் கேள்வி

உடன்நிகழ் தணிக்கைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. எங்கள் பாடத்திலேயே தணிக்கையாளரின் சுதந்திரம் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. தினமும் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து 'இது சரி, அது தப்பு' என்று சொல்லிக்கொண்டிருப்பவர், நாளைக்குக் கட்டடம் விழுந்தால் யார் பக்கம்? அவரும் அந்த முடிவுகளில் பங்காளி ஆகிவிடுவாரே! பில்லைப் பாஸ் செய்பவரே பில்லைத் தணிக்கை செய்ய முடியாது. தினமும் பார்த்துப் பழகினால் டீ, காபி, நட்பு என்று அளவுகோல் வளைந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இந்த ஆபத்து உண்மை. அதற்குப் பதில், தணிக்கையாளர் உத்தரவு போடக் கூடாது, கண்டதை எழுதி அன்றே வெளியிட வேண்டும் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவெடுப்பது பொறியாளர் வேலை. கண்டதைச் சொல்வது தணிக்கையாளர் வேலை. பெரு நாட்டில் 2017 வெள்ளத்துக்குப் பிறகு நடந்த மறுகட்டுமான வேலைகளை நாட்டின் தலைமைத் தணிக்கை அலுவலகம் கூடவே இருந்து கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2017இல் மேகாலயா சமூகத் தணிக்கைக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. அப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்த முதல் மாநிலம் அதுதான்.

முப்பது நாளும் மூன்று நாளும்

நம் கையில் என்ன இருக்கிறது? பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்துக்கு நகல் கேட்பதற்கு மட்டும் அல்ல. அதன் 2(ஜெ) பிரிவில், வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. அதாவது சாலைக்குப் போடும் கலவையில் ஒரு மாதிரி கேட்கலாம்! ஓல்கன் ஜாவாவில் செய்ததை நம் சட்டம் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம். நம் தெருவில் ஒரு சிமென்ட் சாலை போட மூன்று நாள் போதும். பதில் வரும்போது சாலை காய்ந்து அதன்மேல் மினி பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும். உரிமை இருக்கிறது, காலம் இல்லை. மறுபடியும் பிரேதப் பரிசோதனை!

இதற்கு எனக்குத் தெரிந்த தீர்வு மிகப் பழையது: கேட்பதற்கு முன்பே எழுதி வைப்பது. வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை வைப்பது புதிதல்ல. ஆனால் நான் பார்த்த சில இடங்களில் வேலை முடிந்த பிறகுதான் பலகை எழும்பியது. தொகையும் தேதியும் இருந்தன. தடிமன் எவ்வளவு, ஜல்லி எத்தனை அங்குலம், ஒரு மூட்டை சிமென்டுக்கு எவ்வளவு மணல் என்பது இல்லை. முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே, வீடு கட்டிய எவருக்கும் புரியும் தமிழில், அந்த நான்கு வரி பலகையில் இருந்தால் போதும். தெருவில் குறைந்தது ஒரு கொத்தனாராவது இருப்பார். ஒரு சித்தாள் இருப்பார். அவர்களுக்கு ஜல்லியைப் பார்த்தாலே தெரியும். பெரியம்மாவுக்குத் தன் கூலி தெரிந்த மாதிரி, சிமென்டுக்கும் ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிடுவார்.

ஏதென்ஸ்காரர்கள் வேலை நடக்கும் குன்றின்மேலேயே கணக்கை நிறுத்தினார்கள். உத்திரமேரூர்க்காரர்கள் தங்கள் விதியைக் கோயில் சுவரில் வெட்டினார்கள். கோட் கிரானாவில் கூட்டத்தில் வாசித்தார்கள். மூன்றிலும் கணக்கு அலமாரியை விட்டு வெளியே வந்தது. வருகிற கிராம சபையில் (பேரூராட்சி என்றால் வார்டு கவுன்சிலரிடம்) ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அடுத்து நம் தெருவில் வரப்போகும் வேலைக்குப் பலகை எப்போது வைப்பீர்கள், வேலைக்கு முன்பா, பின்பா?